தம்பியின் நடுக்கம் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் தம்பிக்கு 24 வயது. போன வருடம் இரவு வேலை முடிந்து, நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தபோது, செம்பனைக் குலை ஏற்றிய லாரியின் பின்புறம் மோதிவிட்டான். நண்பன் அங்கேயே இறந்துவிட்டான். தம்பிக்குக் கால் முறிவு. மருத்துவமனையில் கிடந்ததால் நண்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் முடியவில்லை.

கால் ஆறிவிட்டது. ஆள்தான் பழைய ஆள் இல்லை. இரவில் வியர்த்துப்போய் எழுந்து உட்காருகிறான். லாரி பிரேக் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது. செம்பனை எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்று அடித்தால் வாந்தி எடுக்கிறான். ஓயாத வயிற்றுவலி, கிளினிக்கில் சோதித்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டான். பீர் குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறான். அம்மாவிடம் எரிந்து விழுகிறான், பிறகு அழுகிறான். நண்பனின் வீடு எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அந்தப் பக்கமே போவதில்லை. "அவனுக்குப் பதில் நான் போயிருக்கலாம்" என்று ஒருநாள் சொன்னான்.

அம்மா கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார். பெரியப்பாவோ, "நம் தாத்தா சயாமுக்குப் போய்ச் சாவையே பார்த்துவிட்டு வந்தவர். அவர் டாக்டரிடமா போனார்? மறந்துவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்" என்கிறார். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். இவன் நடிக்கிறானா? பைத்தியம் பிடித்துவிட்டதா? நான் என்ன செய்வது?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி நடிக்கவில்லை. பைத்தியமும் பிடிக்கவில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக, "நான் போயிருக்கலாம்" என்று அவன் சொன்னதைக் கவனியுங்கள். இன்றே தனியாக உட்காரவைத்து, "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தார் என்ற ஆறுதல்தான் வரும். வருகிறது என்றால் தனியே விடாதீர்கள். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வீட்டில் களைக்கொல்லி, பூச்சிமருந்து டின்கள் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. அவனும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம்.

இப்போது அவன் உடம்புக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் (பி.டி.எஸ்.டி.) போல இருக்கிறது. ஆபத்து வந்தால் மூளையின் அடியில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி, நாம் யோசிப்பதற்கு முன்பே உடம்பை உசுப்பிவிடுகிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, கைகால் தசைகள் இறுகுகின்றன, அந்த நேரத்துக்கு வேண்டாத செரிமானம் மந்தமாகிவிடுகிறது. உயிர் பிழைக்க இது வேண்டும். ஆபத்து விலகியதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். உங்கள் தம்பிக்கு அது அடங்கவில்லை. ஒரு நிகழ்ச்சியை நாள், இடத்தோடு சேர்த்து "இது முடிந்துபோனது" என்று அடுக்கிவைக்க உதவுவது மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. பெரும் அதிர்ச்சியின்போது அந்த அடுக்குதல் சரியாக நடப்பதில்லை. நினைவு துண்டு துண்டாக, ஒலியாகவும் வாடையாகவும் தங்கிவிடுகிறது. பிரேக் சத்தம் கேட்கும்போது அவன் பழைய விபத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. அவன் உடம்புக்கு அந்த விபத்து அப்போதுதான் நடக்கிறது.

எண்ணெய் ஆலையின் வாடையும் அப்படித்தான். அன்றிரவு குலைகள் சாலையில் சிதறி நசுங்கியிருக்கும். அந்த வாடையில்தான் அவன் விழுந்து கிடந்திருப்பான். மற்றப் புலன்களைவிட வாடைக்கு அமிக்டலாவோடு நெருக்கமான தொடர்பு உண்டு. அதனால்தான் காற்று திரும்பியதும் குமட்டுகிறது. வயிற்றுவலியும் பொய்யில்லை. ஒரு வருடமாக உசுப்பிவிடப்பட்ட நிலையிலேயே கிடக்கும் குடல் வலிக்கத்தான் செய்யும்.

பெரியப்பா சொன்னதற்குப் பதில் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. நம் தோட்டங்களில் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். 1942இலும் 1943இலும் ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோய் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட வைத்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் எத்தனையோ பேர் அங்கேயே மண்ணாகிப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் டாக்டரிடம் போகவில்லை என்பது உண்மை. போயிருந்தாலும் அவர்களுடைய துன்பத்துக்கு மருத்துவத்தில் ஒரு தனிப் பெயர்கூட இருந்திருக்காது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்த நோய் தனியாக இடம்பெற்றதே 1980இல்தான்.

ஆனால் அவர்கள் மறந்தார்கள் என்று யார் சொன்னது? நான் பிறந்த லயத்தில் சயாமிலிருந்து திரும்பிய ஒரு பெரியவர் இருந்தார். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். சாப்பிட்டு மிஞ்சிய சோற்றை வெயிலில் காயவைத்து, பால் டின்னில் போட்டுப் பாயின் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்கு ஒரு நாளும் தவறாமல் போனார், ரப்பர் பால் வெட்டினார். மாலையானால் கள்ளுக்கடை, இரவானால் பெண்டாட்டிக்கு அடி. அவரை நாங்கள் முரடர் என்றோம், குடிகாரர் என்றோம். அவர் மறந்துவிட்டு வேலையைப் பார்த்ததற்கு அந்த அம்மாளும் பிள்ளைகளும் கொடுத்த விலை யார் கணக்கிலும் ஏறவில்லை. தாத்தாவின் தாங்கும் பலத்தை நான் வணங்குகிறேன். அந்தத் தனிமையைப் பேரன் தலையிலும் கட்ட வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

இவன் மட்டும் ஏன் இப்படி என்றும் கேட்பார்கள். வாழ்நாளில் இத்தகைய அதிர்ச்சி ஒன்றையாவது சந்திப்பவர்கள் உலகில் சுமார் 70 விழுக்காட்டினர் என்றும், அவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கே இந்த நோய் வருகிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். வண்டியை ஓட்டியவன் தானே என்ற குற்ற உணர்வும், நண்பனை வழியனுப்ப முடியாத ஏக்கமும் சேர்ந்தவனுக்கு அது எளிதில்லை. ஒரு வருடம் ஓடியும் அடங்காததை இனியும் காலம் ஆற்றும் என்று விட்டுவைக்கக் கூடாது.

சிகிச்சை இருக்கிறது, பலனும் தருகிறது. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சையில், பயிற்சி பெற்ற உளவியலாளர் முதலில் அவனுக்குப் பாதுகாப்பு உணர்வை உண்டாக்குவார். பிறகுதான் அன்றிரவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வைப்பார். நிறுத்தப்பட்ட மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் நிற்பது, சாவியைக் கையில் எடுப்பது, இன்ஜினை மட்டும் ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது என்று படிப்படியாகப் போவார்கள். பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள். இ.எம்.டி.ஆர். என்ற இன்னொரு முறையில், நினைவை மனத்தில் நிறுத்தியபடி உளவியலாளரின் விரலசைவைக் கண்ணால் பின்தொடர்வார்கள். தேவைப்பட்டால் மருத்துவர் செர்ட்ராலின் போன்ற மாத்திரையும் தருவார். தூக்க மாத்திரையை மட்டும் யாரிடமும் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள், அதுவும் பீரோடு. பீர் கண்ணை மூட வைக்கும். பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்து, கனவை இன்னும் மூர்க்கமாக்கும்.

வீட்டில் யாரும் அவனை உட்காரவைத்து நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டாம். அவனாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். நடுக்கம் வரும்போது பின்னாலிருந்து தொடாதீர்கள். முன்னால் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நான் உன் அக்கா. இன்று செவ்வாய்க்கிழமை. நாம் வீட்டில் இருக்கிறோம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். காலைத் தரையில் அழுத்தி ஊன்றச் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள்; அப்படி விடும்போது இதயத் துடிப்பு தணியும். அம்மா கட்டிய கயிறு அவன் கையில் இருக்கட்டும், அதில் ஒரு தாயின் தவிப்பு இருக்கிறது. பேய் ஓட்டுகிறேன் என்று அடிக்கவோ மிளகாய்ப் புகை போடவோ யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்தத் தாயை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். ஒருநாள் அவன் அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அந்த நாளை நீங்கள் குறிக்க வேண்டாம், சிகிச்சை கொஞ்சம் முன்னேறட்டும். அதற்குள் நீங்கள் மட்டும் ஒருமுறை போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் கோபத்தில் இருக்கிறாரா, இல்லை, மகனின் நண்பன் வரமாட்டானா என்று காத்திருக்கிறாரா என்பது உங்களுக்குத் தெரியவரும்.

தஞ்சோங் ரம்புத்தான் பயத்தை அம்மா விட்டுவிடலாம். 1911இல் திறந்த அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லியே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை மிரட்டியிருக்கிறோம். இந்த நோய்க்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வந்துபோய்ச் சிகிச்சை பெறலாம். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கு உங்கள் ஊர் அரசு கிளினிக்கில் கடிதம் வாங்க வேண்டும்; 1 ரிங்கிட் கட்டணம். போன தடவை அங்கே வயிற்றுவலி என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவர்களும் வயிற்றை மட்டும் பார்த்திருப்பார்கள். இந்தத் தடவை விபத்திலிருந்து தொடங்குங்கள். விபத்து நடந்த தேதி, நண்பன் இறந்தது, கனவு, நடுக்கம், வாந்தி, பீர், வேலையை விட்டது, "நான் போயிருக்கலாம்" என்று சொன்னது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மருத்துவர் கையில் கொடுங்கள். தமிழ் பேசும் மருத்துவரோ தாதியோ இருந்தால் அவர்தான் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். உள்ளே போகும்போது நீங்களும் கூடவே போங்கள்.