ஹவுஸ் சர்ஜன் ஆண்டு: முதலில் மூச்சை எண்ணப் பழகுங்கள்

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டேன். அடுத்த வாரம் ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) சேர்கிறேன். முதல் போஸ்டிங் பொது மருத்துவம். ஐ.வி. லைன் (இரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் குழாய்) கூட எனக்குச் சரியாகப் போட வராது. மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்கும் படிக்க வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: லைன் போடுவதை நினைத்துப் பயப்படாதீர்கள். சில வார டியூட்டியில் கை பழகிவிடும். வார்டு சிஸ்டர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்; நானும் அவர்களிடம்தான் கற்றேன்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. எந்தக் கேஸ் ஷீட்டையாவது புரட்டுங்கள், மூச்சு எண்ணிக்கை 18 அல்லது 20 என்றே இருக்கும். பல நேரம் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல் மார்பின் ஏற்ற இறக்கத்தை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பிரஷர் இறங்குவதற்கு முன்பே மூச்சு வேகம் பெரும்பாலும் கூடிவிடும். 25-ஐத் தொட்டால் நள்ளிரவானாலும் டியூட்டியில் உள்ள பி.ஜி.யை (மேற்படிப்பு படிக்கும் சீனியர் டாக்டரை) எழுப்புங்கள். "எட்டாம் பெட், நிமோனியா. மூச்சு 32, ஆக்சிஜன் சாச்சுரேஷன் 88. ஆக்சிஜன் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து பார்க்கணும்" என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். திட்டு விழுமோ என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்தச் சில மணி நேரம் திரும்ப வராது.

இரத்தம் எடுத்ததும் பெட் பக்கத்திலேயே டியூபில் பெயரும் ஐ.பி. (உள்நோயாளி) நம்பரும் எழுதிவிடுங்கள். ஊதா மூடி டியூபில் இருப்பதை வேறு டியூபில் ஊற்றவே கூடாது, இரத்தம் உறையாமலிருக்க அதில் சேர்த்துள்ள ஈ.டி.டி.ஏ. என்ற பொட்டாசியம் உப்பால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும்.

ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே கேஷுவால்டிக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம்தான் எல்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று சேரும் முன்பே பாருங்கள்.

நீட் விஷயம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறைப்படி 12 மாத ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில் சமூக மருத்துவத்துக்கு மட்டும் 12 வாரம். அங்கே பெரும்பாலும் இரவு டியூட்டி குறைவு. மாலையில் உட்கார்ந்து படிக்கலாம். மருத்துவம், அறுவை சிகிச்சை தலா 6 வாரம்தான். படிப்பதற்காக அந்த டியூட்டிகளை நண்பர் தலையில் கட்டிவிட்டு, கடைசியில் லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். அடுத்த வருஷம் ஏதோ ஓர் ஊரில், இரவில், மூச்சுத் திணறலோடு வருபவர் முன்னால் நீங்கள் தனியாக நிற்க நேரலாம்.