ஹெவி லைசென்ஸும் லாரி எடையும்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணா, எனக்கு 19 வயசு. கார் லைசென்ஸ் எடுத்து எட்டு மாசம் ஆச்சு. ஹெவிக்கு இப்பவே எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட முடியுமா?

முடியாது தம்பி. டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு (வாடகைக்கோ சரக்குக்கோ ஓடும் வண்டி) 20 வயது முடிந்திருக்க வேண்டும், எல்.எம்.வி. (கார் போன்ற இலகு ரக வண்டி) லைசென்ஸ் கையில் வந்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த பிறகுதான் எல்.எல்.ஆர். அதற்கு 6 மாதம் ஆயுள். 30 நாள் கழித்து டெஸ்ட். டாக்டரிடம் படிவம் 1ஏ, டிரைவிங் ஸ்கூலில் படிவம் 5 வாங்கி வை. எட்டாம் வகுப்புச் சான்று கேட்பது 2019-லேயே போய்விட்டது. அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதே.

கேள்வி: ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை, 7,490 கிலோ. மஞ்சள் போர்டு. என்னிடம் இருப்பது எல்.எம்.வி. மட்டும். ஓட்டலாமா?

ஓட்டலாம். எல்.எம்.வி. வரம்பு 7,500 கிலோ. இந்த எடைக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குத் தனியாக டிரான்ஸ்போர்ட் அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. அதையே ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ல் உறுதிசெய்தது. இன்சூரன்ஸ்காரர் பழைய வாதத்தை எடுத்தால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

கேள்வி: அதே வண்டியில் லோடு கூடி எடைமேடையில் 8,200 காட்டினால்? லைசென்ஸ் செல்லாமல் போகுமா?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். லைசென்ஸ் வகைக்குப் பார்ப்பது ஆர்.சி.யில் பதிந்த மொத்த எடையை. அன்றைக்கு நீங்கள் ஏற்றிய எடையை அல்ல. லைசென்ஸ் செல்லும். ஓவர்லோடு வழக்கு தனியாக வரும்.

கேள்வி: மீடியம், ஹெவி என்று தனித்தனி லைசென்ஸ் உண்டா?

சட்டத்தில் 7,500-க்கு மேல் 12,000 கிலோ வரை மீடியம், அதற்கு மேல் ஹெவி. ஆனால் லைசென்ஸில் இருந்த நான்கு மீடியம், ஹெவி வகைகளையும் 1994 திருத்தம் ‘டிரான்ஸ்போர்ட் வண்டி’ என்று ஒன்றாக்கிவிட்டது.

கேள்வி: ஆறு சக்கர லாரி, ஆர்.சி.யில் 18.5 டன். எடைமேடையில் 18.2 தான் வந்தது. அப்படியும் ஓவர்லோடு என்கிறார்கள். எப்படி சார்?

காரணம் ஆக்சில் எடை, அதாவது ஒவ்வொரு சக்கர அச்சும் தாங்கும் எடை. 2018 ஜூலை அறிவிப்புப்படி முன் ஆக்சிலுக்கு 7 டன், நான்கு டயர் உள்ள பின் ஆக்சிலுக்கு 11.5. கூட்டினால் 18.5. மொத்தம் சரியாக இருந்தும் ஒரு ஆக்சில் மீறினால் குற்றம்தான். முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் எடை, முழு வண்டியையும் ஏற்றி ஓர் எடை போடுங்கள். கழித்தால் வருவது பின் ஆக்சில். மேடையும் வெளித்தளமும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு தப்பும்.

முன்னால் 5.4 என்றால் பின்னால் 12.8. அதாவது 1.3 டன் கூடுதல். இரும்புத் தகட்டுச் சுருளையோ (காயில்) கல்லையோ பாடியின் பின்பக்கம் இறக்கி வைத்துவிட்டு அப்படியே கிளம்பினால் இதுதான் நடக்கும். வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) 4.2 மீட்டர் என்றால், 11 டன் சரக்கை அரை மீட்டர் கேபின் பக்கம் நகர்த்தினாலே 1.3 டன் முன்னுக்கு மாறிவிடும். முன்னால் 6.7, பின்னால் 11.5. ஒரு கிலோ இறக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் வண்டி பழசு, ஆர்.சி.யில் 16.2 டன். 18.5 ஏற்றலாமா?

ஆர்.சி.யில் என்ன இருக்கிறதோ அதுதான் வரம்பு. அது மாறாதவரை 16.2.

கேள்வி: எம்.சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) இரண்டரை யூனிட் ஏற்றினால் 18.5 டன் டிப்பர் தாங்குமா?

வெறும் எடை 7 டன் என்றால் ஏற்ற இடம் 11.5. ஒரு யூனிட் 100 கன அடி, காய்ந்த எம்.சாண்ட் சுமார் 4.5 டன் வரும். இரண்டரை யூனிட்டுக்கு 11.25. நூல் பிடித்த மாதிரிதான் இருக்கிறது. ஈர மணல் என்றால் யூனிட் 5 டன்னைத் தொடும், அப்போது 12.5, ஒரு டன் கூடுதல். மழைக்காலத்தில் யூனிட் கணக்கை நம்பாமல் எடை போட்டே கிளம்புங்கள்.

கேள்வி: பிடித்தால் எவ்வளவு?

சட்டத்தில் 20,000 ரூபாய், அதோடு கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. 3 டன் மிஞ்சினால் 26,000. மிஞ்சிய சரக்கை இறக்கிய பிறகுதான் வண்டி நகரும். இறக்குகூலியும் உங்கள் தலையில்தான். எடை போட மறுத்து ஓட்டிப்போனால் 40,000. தப்பித்து ஓடுவதில் கணக்கே இடிக்கிறது, பாருங்கள்.

கேள்வி: பெட்ரோல் டேங்கர் ஓட்ட ஹெவி போதுமா?

போதாது. அபாயகரமான சரக்குக்கான 3 நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிய வேண்டும். சாதாரண டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு 5 ஆண்டு, இதற்கு 3 ஆண்டுதான். புதுப்பிக்கும்போது மறுபடி ஒரு நாள் வகுப்பு.

கேள்வி: என் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் முடிந்து 13 மாதம் ஆகிறது.

ஓராண்டு தாண்டிவிட்டது; திரும்ப டெஸ்ட் கொடுத்தாக வேண்டும். கையில் வரும்வரை ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை முதலாளியிடம் வசூலிக்க வரும்.