லாங் பால் ஆடும் கல்லூரி அணியில் ஒரு ஸ்ட்ரைக்கர் உருப்படியாக வளர முடியுமா?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆண்கள் கால்பந்து அணி கோப்பைகளை அள்ளினாலும், பந்தைப் பின்னாலிருந்து நீளமாக முன்னால் அடிக்கும் அதன் லாங் பால் ஆட்டமுறை ஜோர்டன் மோரிஸ் போன்ற ஒரு ஸ்ட்ரைக்கரின் வளர்ச்சியைக் கெடுத்துவிட்டது என்கிறார்களே, உண்மையா? 2015-ல் சியாட்டில் அணியின் தொழில்முறை ஒப்பந்தத்தை உதறிவிட்டு அவர் கல்லூரிக்குத் திரும்பியது வீணா? இதுதான் கேள்வி.

கெடுக்கவில்லை என்பதுதான் என் பதில். ரசிகர்கள் பழியை அணியின் 4-4-2 (நான்கு டிஃபெண்டர், நான்கு மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்ட்ரைக்கர்) மீது போடுகிறார்கள். போட வேண்டியது கல்லூரி சீசனின் காலண்டர் மீது.

நான் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் வேலை பார்த்த காலத்தில் பாலோ ஆல்டோவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டின் கேகன் மைதானத்துக்கு நேரம் கிடைக்கும்போதெல்லாம் போவேன். சின்ன மைதானம். கோல்கீப்பர் தன் டிஃபென்ஸைத் திட்டுவதுகூட காதில் விழும். கூட வரும் நண்பர் தீவிர பார்சிலோனா ரசிகர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "மச்சான், பந்தை ஏன்டா இப்படி வானத்துக்கு அனுப்புறானுங்க?" என்று புலம்புவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய மாணவர்களோ பந்து எதிரணியின் கார்னர் பக்கம் போனாலே எழுந்து கை தட்டுவார்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆட்டத்தைப் பற்றிய மொத்தச் சண்டையும் இந்த இரண்டு தரப்புக்குள் அடங்கிவிடும்.

கோச் ஜெரமி கன் இங்கிலாந்துக்காரர். 2012-ல் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தார். அதற்கு முந்தைய வருடம்தான் சார்லட் பல்கலைக்கழக அணியைத் தேசிய இறுதிப்போட்டி வரை கொண்டுபோயிருந்தார். அவர் அணி ஆடுவது கட்டுக்கோப்பான 4-4-2. இரண்டு வரிசையும் நெருக்கமாக நிற்கும், பந்து கிடைத்ததும் முன்னால் போகும், ஃப்ரீ கிக், கார்னர் எல்லாவற்றையும் வாய்ப்பாக மாற்றப் பார்க்கும். 2015, 2016, 2017 என்று தொடர்ந்து மூன்று முறை தேசியக் கோப்பை. அதற்கு முன் தொடர்ச்சியாக மூன்றோ அதற்கு மேலோ ஜெயித்த அணி, 1991 முதல் 1994 வரை நான்கு கோப்பை வாங்கிய, புரூஸ் அரீனா கோச்சாக இருந்த வர்ஜீனியா. 2016-ல் அரையிறுதி, இறுதி இரண்டும் 0-0, இரண்டையும் பெனால்டியில் ஜெயித்தார்கள். 2017 இறுதிப்போட்டியில் இண்டியானாவுக்கு எதிராக சாம் வெர்னர் 103-வது நிமிடத்தில் போட்ட ஒரே கோல். என் நண்பர் இந்தக் கணக்கைத்தான் தன் கட்சிக்கு ஆதாரமாகக் காட்டுவார்: "இதுல ஸ்ட்ரைக்கருக்கு என்னடா வேலை?"

நியாயமான கேள்விதான். ஆனால் மோரிஸ் ஆடும்போது பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்த்திருந்தால் வேலை என்னவென்று தெரிந்திருக்கும். அவர் சென்டர் பேக்குக்கு (நடு டிஃபெண்டர்) முன்னால் நிற்க மாட்டார். சென்டர் பேக்குக்கும் ஃபுல்பேக்குக்கும் (ஓர டிஃபெண்டர்) நடுவில், சென்டர் பேக்கின் முதுகுப் பக்கம் ஒட்டி நிற்பார். பந்து மிட்ஃபீல்டரின் காலுக்கு வரும்போது இரண்டு அடி பின்னால் வருவது போல ஒரு பாவனை. டிஃபெண்டர் அதை நம்பி முன்னால் ஒரு எட்டு வைத்தால் போதும், இவர் ஓரக்கோட்டுப் பக்கம் வளைந்து ஓடிவிடுவார். பந்து அந்த இடைவெளியில் விழும். நண்பர் வானத்துக்கு அனுப்புகிறார்கள் என்று புலம்பிய பந்துகளில் பாதி உண்மையில் இந்த இடத்துக்குப் போனவைதான். 2015 இறுதிப்போட்டியில் கிளெம்சனுக்கு எதிராக இரண்டாவது நிமிடத்திலேயே ஒரு கோல், இரண்டாம் பாதி தொடங்கியதும் இன்னொன்று. ஆட்டம் 4-0. அந்த சீசனின் சிறந்த வீரருக்கான ஹெர்மன் கோப்பையும் அவருக்குத்தான்.

இந்த ஓட்டம் கல்லூரிக்கு வெளியேயும் செல்லுபடியானது. 2014 உலகக்கோப்பைக்கு முன்னால் அமெரிக்க தேசிய அணி ஸ்டான்ஃபோர்டில் முகாம் போட்டிருந்தது. அப்போது கல்லூரி அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம் ஆடினார்கள். அப்போதைய தேசிய அணிக் கோச் யூர்கன் கிளின்ஸ்மன் கண்ணில் மோரிஸ் பட்டது அங்கேதான். 2015 ஏப்ரலில் சான் அன்டோனியோவில் மெக்ஸிகோவுக்கு எதிராக அவரைத் தொடக்கத்திலிருந்தே இறக்கினார், பையன் கோலும் போட்டான். அப்போதும் அவர் கல்லூரி மாணவர்தான். பந்தை நேராக முன்னால் அனுப்பும் ஆட்டம் அவரிடம் ஏற்கெனவே இருந்த வேகத்துக்குத் தினமும் வேலை கொடுத்தது. பந்தை வட்டமாகச் சுற்றவிடும் அணியில் இருந்திருந்தால் அந்த ஓட்டத்தை இவ்வளவு தடவை ஓடிப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

குறையே இல்லையா என்றால் இருந்தது. கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை வாங்கி, பிடித்து வைத்து, இன்னொருவனை ஆட்டத்துக்குள் கொண்டுவருவது சுமார்தான். இடது கால் பேருக்குத்தான். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த புதிதில் எல்லோரும் சொன்ன குறையும் இந்த இடது கால்தான். லாங் பால்தான் காரணம் என்பவர்களோடு இங்கேதான் நான் ஒத்துப்போகவில்லை.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடிந்துவிடும். அந்த நான்கு மாதத்துக்குள் 20 ஆட்டங்களுக்கு மேல் போகும். ஸ்டான்ஃபோர்ட் அப்போது ஆடிய பசிபிக்-12 பிரிவில் வியாழக்கிழமை ஒரு ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஆட்டம். நடுவில் ஒரு நாள் கால் ஆறவிடுவதற்கு, ஒரு நாள் அடுத்த ஆட்டத்தின் ஃப்ரீ கிக், கார்னர் ஏற்பாட்டுக்கு. அவ்வளவுதான். அது தவிர, சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டு வேலை கூடாது என்று விதி. வகுப்பும் இருக்கிறது, ஸ்டான்ஃபோர்டில் அது விளையாட்டு இல்லை. இதில் ஒரு ஸ்ட்ரைக்கரின் இடது காலைத் தனியாக உட்கார்ந்து செதுக்க எந்தக் கோச்சுக்கு நேரம் இருக்கிறது?

ஆட்டமுறையே இந்தக் காலண்டரில் இருந்து பிறந்ததுதான். கல்லூரி விதிப்படி வெளியே போன வீரர் இரண்டாம் பாதியில் ஒருமுறை திரும்ப வரலாம். ஆக, ஓடி ஓடி அழுத்தம் கொடுத்து, களைத்தவரை உட்கார வைத்து, புதுக் கால்களை இறக்கிக்கொண்டே இருக்கலாம். நான்கு நாளில் இரண்டு ஆட்டம் ஆடுகிற பையன்களை வைத்துக்கொண்டு, பின்னால் இருந்து நிதானமாகப் பந்தைக் கட்டி வருவது ஆபத்து. களைத்த காலில் இருந்து வரும் ஒரு தப்பான பாஸ் போதும். கன் இந்த உலகத்துக்குப் பொருத்தமான கால்பந்தை ஆடினார். மேரிலாண்ட் கோச் சாஷோ சிரோவ்ஸ்கி பல வருடங்களாக சீசனை இரண்டு செமஸ்டருக்கும் பிரித்துப் போடச் சொல்லிக்கொண்டிருப்பதும் இதனால்தான்.

ஆட்டமுறைதான் ஸ்ட்ரைக்கரைத் தீர்மானிக்கிறது என்றால் அதே கோச், அதே 4-4-2-ல் இருந்து வந்த மற்றவர்களும் மோரிஸ் மாதிரியே ஆகியிருக்க வேண்டும். கோரி பேர்ட் இரண்டாவது ஸ்ட்ரைக்கராக இறங்கி வந்து பந்து வாங்கிப் பழகியவர். 2018-ல் ரியல் சால்ட் லேக் அணிக்குப் போய் மேஜர் லீக் சாக்கரின் (அமெரிக்காவின் முதல்நிலை தொழில்முறை லீக்) சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். மோரிஸுக்குப் பிறகு கோல் பொறுப்பைச் சுமந்த ஃபாஸ்டர் லாங்ஸ்டார்ஃப் பெனால்டி பகுதிக்குள் அவரை விடக் கெட்டிக்காரர் என்பது என் கணிப்பு. போர்ட்லண்ட் அணி எடுத்துக்கொண்டது, ஆனால் முதல் அணியில் இடம் கிடைக்காமல் பெரும்பாலும் இரண்டாம் அணியிலேயே ஆடினார். மூன்று பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம், மூன்று வேறு மதிப்பெண்.

2016-ல் சியாட்டிலுக்குப் போன மோரிஸ் முதல் சில ஆட்டங்களில் கோலே போடவில்லை. உடனே "கல்லூரி ஸ்ட்ரைக்கர் இவ்வளவுதான்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். சீசன் தொடங்கும் நேரத்தில் அணியின் முக்கிய ஸ்ட்ரைக்கர் ஒபாஃபெமி மார்டின்ஸ் சீனாவுக்குப் போய்விட்டதையும், இரண்டு ஸ்ட்ரைக்கர் ஆட்டம் பழகிய பையனை ஓரத்தில் நிறுத்தினார்கள் என்பதையும் யாரும் பேசவில்லை. கடைசியில் 12 லீக் கோல், சிறந்த புதுமுகம் விருது, அணிக்குக் கோப்பை. பந்து பிடிப்பதும் இடது காலும் அதற்கப்புறம்தான் மெல்லத் தேறின, தினமும் பயிற்சி, வருடம் முழுக்க ஆட்டம் என்ற இடத்தில். நடுவில் 2018-லும் 2021-லும் இரண்டு முறை முழங்கால் தசைநார் கிழிந்தது வேறு கதை.

சரி, 2015-ல் திரும்பியது வீணா? அவர் அப்பா சியாட்டில் அணியின் மருத்துவர், ஒப்பந்தம் தயாராக இருந்தது, மெக்ஸிகோ கோலுக்குப் பிறகு ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். தினசரிப் பயிற்சி ஒரு வருடம் தள்ளிப்போனது நிஜம். ஆனால் அந்த வருடம் சியாட்டிலின் முன்வரிசையில் இருந்தவர்கள் கிளின்ட் டெம்ப்சியும் மார்டின்ஸும். அவர்கள் உடம்பு நன்றாக இருந்தவரை 20 வயதுப் பையனுக்குக் கிடைத்திருக்கக்கூடியது கடைசிப் பதினைந்து நிமிடம். ஸ்டான்ஃபோர்டில் அவர் அணியே அவரைத் தேடித்தான் பந்தை அனுப்பியது.