உளவியல் பாடத்தில் படிப்பதை வீட்டில் பார்க்கும் மனிதர்களோடு பொருத்திப் பார்ப்பதால் உண்மையில் பயன் உண்டா?

வகுப்பில் நடத்தும் கோட்பாடுகளை அன்றாடம் பார்க்கிற மனிதர்களின் நடத்தையோடு பொருத்தி எழுதச் சொல்கிறார்கள், இதில் ஏதாவது பயன் உண்டா, மதிப்பெண்ணுக்கான சடங்குதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் முதலாண்டு மாணவர், ரெக்கார்டு நோட்டு வைக்கும் தேதி நெருங்கிவிட்டது, வீட்டில் யாரைப் பற்றி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பயன் உண்டு. எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர்மேல் மனநோயாளி என்ற முத்திரை விழாமல் தடுத்தது அந்த ரெக்கார்டு நோட்டுதான். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்யாணத்துக்கு அப்புறம்தான் தொலைதூரக் கல்வியில் பி.எஸ்ஸி. உளவியல் சேர்ந்தேன். என் மாமனார் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் காலமானதிலிருந்து எங்களோடு இருக்கிறார். ராத்திரி சாப்பாடு முடிந்து, பாத்திரம் ஒழித்துப்போட்டு, ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கியதும் அவர் அறையிலிருந்து குரல் வரும்.

"அம்மிணி, மோட்டார் நிறுத்தியாச்சா?"

"ஆச்சுங்க மாமா."

கொஞ்ச நேரத்தில் அதே கேள்வி மறுபடி வரும். அப்புறம் பேரனைக் கூப்பிட்டுக் கேட்பார். அதற்கும் அப்புறம் என் கணவரை. தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் வீணாகக் கூடாது என்ற கவலை எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஆனால் தினமும், ஒரே ராத்திரியில் இத்தனை தடவை என்றால் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல் வரத்தானே செய்யும்.

கணவரின் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தபோது இதைப் பார்த்தார். "அப்பாவுக்கு ஓசிடி. வீடியோவுல சொன்னாங்க, அப்படியே இருக்கு" என்றார். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, செய்ததையே மறுபடி மறுபடி செய்யவைக்கும் மனநோய்க்குத்தான் ஓசிடி என்று பெயர். தீர்வும் அவரே சொன்னார்: யாரும் பதில் சொல்லாதீர்கள், தானாக நிறுத்திவிடுவார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அப்பா மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அந்த மூன்றெழுத்து அன்றைக்கே எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது. என் பையன்கூட "தாத்தாவுக்கு ஓசிடி" என்று சொல்ல ஆரம்பித்தான். எனக்கு அது தாங்கவில்லை.

அந்தப் பருவத்தில் செய்முறைத் தாளுக்கு ஒருவருடைய ஒரு நடத்தையைக் கவனித்து எழுத வேண்டும். முறை எளிது. மூன்று கட்டம். நடத்தைக்கு முன்னால் என்ன நடந்தது, நடத்தை என்ன, அதற்குப் பின்னால் என்ன நடந்தது. அவர் எப்படிப்பட்டவர், ஏன் அப்படி நினைக்கிறார் என்றெல்லாம் எழுதக் கட்டமே கிடையாது. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும்தான். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு மாமாவின் மோட்டார் கேள்வியை எழுத ஆரம்பித்தேன்.

எழுத எழுத விஷயம் வேறு மாதிரி தெரிந்தது. முதலாவது, அடுப்படியில் இருந்தபடியே "ஆச்சு" என்று குரல் கொடுத்த நாட்களில் கேள்வி திரும்ப வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அறை வாசலுக்குப் போய், "நிறுத்திட்டேனுங்க மாமா, தொட்டி ரொம்பிருச்சு" என்று சொன்ன நாட்களில் அவர் உடனே வேறு பேச்சுக்குப் போனார். கடையில் இன்றைக்கு யாவாரம் எப்படி, பையனுக்குப் பரீட்சை எப்போது, அந்தக் காலத்தில் சத்தியமங்கலம் பஸ் ஒன்று மழையில் மாட்டிக்கொண்ட கதை. அதற்கப்புறம் மோட்டார் பேச்சே இல்லை.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிய சாட்சி. கரண்ட் போன நாட்கள். மோட்டாரைப் பற்றித்தான் அவருக்குக் கவலை என்றால், அன்றைக்குத்தான் அதிகமாகக் கேட்டிருக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் ஏறியிருக்காது, சுவிட்சைப் போட்டபடியே விட்டிருந்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். ஆனால் அந்த நாட்களில் எங்கள் எல்லோருக்கும் வாசல் படிதான் கதி. டிவி கிடையாது, செல்போனில் சார்ஜ் இருக்காது. மாமாவும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த வரிகளில் நடுக் கட்டம் காலியாகவே இருந்தது. ஒரு தடவைகூட அவர் மோட்டாரைக் கேட்கவில்லை.

இதற்கிடையில் அக்கா சொன்ன வழியும் நடந்தது. அக்கா பேச்சைக் கேட்டு, பதில் சொல்லாமல் இருந்து பார்க்கலாம் என்றார் என் கணவர். இப்படிச் செய்தால் முதலில் என்ன ஆகும் என்று பாடத்தில் தெளிவாக இருக்கிறது. இதுவரை பலன் கிடைத்துவந்த ஒரு நடத்தைக்குத் திடீரென்று பலனை நிறுத்தினால், அது அடங்குவதற்கு முன் சில காலம் கூடலாம், உரக்க வரலாம், புதுப்புது வடிவமும் எடுக்கலாம். நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. அப்படியே நடந்தது. மாமாவின் குரல் உயர்ந்தது, கட்டில் சட்டத்தில் தடியால் தட்டினார். ஒரு ராத்திரி அவரே எழுந்து புறக்கடை இருட்டில் மோட்டார் சுவிட்சைப் பார்க்கப் போய், துவைக்கிற கல்லில் இடித்து முழங்காலில் சிராய்ப்பு. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் எல்லோரும் ஓடினோம்.

அந்த ஓட்டத்தைத்தான் நான் மூன்றாவது கட்டத்தில் எழுதினேன். பல தடவை பதில் இல்லை, கடைசியில் ஒரு தடவை வீடே ஓடி வருகிறது. ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற உளவியலாளர்கள் 1957-இல் வெளியிட்ட பெரிய நூல் முழுக்க இந்த விஷயம்தான். புறாக்களை வைத்து அவர்கள் காட்டியது, ஒவ்வொரு கொத்தலுக்கும் தீனி கிடைத்தால் ஒரு விதமாகவும், எந்தக் கொத்தலுக்குக் கிடைக்கும் என்று தெரியாமல் எப்போதாவது கிடைத்தால் வேறு விதமாகவும் கொத்தும் என்பது. இரண்டாவது வகையில் புறா விடாமல் கொத்தும், தீனியை நிறுத்தினாலும் லேசில் ஓயாது. மாமாவைப் புறாவோடு சேர்க்கிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். நாம் பாதி நாள் பதில் சொல்லி, பாதி நாள் சொல்லாமல் விட்டதுதான் அந்தக் கேள்வியைக் கெட்டிப்படுத்தியது என்று என் கணவருக்குப் புரியவைக்க எனக்கு அந்தப் புறா வேண்டியிருந்தது.

அப்புறம் நான் செய்தது ஒன்றே ஒன்று. அவர் கேட்கும் முன்பே போய் உட்கார்ந்தேன். சாப்பாடு முடிந்ததும் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய், கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேசுவேன். எனக்கு வேலை இருந்தால் பையன் போவான். கேள்வி குறைந்தது. ஒரேயடியாக நிற்கவில்லை, இப்போதும் ஒரு தடவை கேட்பார். ஒரு தடவை கேட்பது சரிதானே, தண்ணீர் கஷ்டம் தெரிந்த மனுஷன்.

இது தற்செயல் என்று சொல்பவர்கள் வருவார்கள் என்று தெரியும். என் தம்பி குழந்தைக்குக் காதுகுத்து என்று நான் பெருந்துறைக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது இங்கே ராத்திரிப் பேச்சு நின்றது, கேள்வி பழையபடி வந்துவிட்டது என்று கணவர் போனில் சொன்னார். நான் திரும்பி வந்து ஸ்டூலைப் போட்டதும் அடங்கியது. மாற்றத்தைக் கொண்டுவந்து, விலக்கி, மறுபடி கொண்டுவந்து பார்ப்பது ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்யும் ஆய்வில் முறையான வழி. நான் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை, காதுகுத்து செய்தது. ஒரு வீட்டில் நடந்ததை வைத்து ஊருக்கெல்லாம் பொருந்தும் என்றும் சொல்லவில்லை.

மருத்துவம் படித்தவர்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். வயதானவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் முதலில் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு இவற்றாலும் நினைவு தடுமாறும். காது மந்தமாகி நாம் சொன்ன பதில் கேட்காமலும் இருந்திருக்கலாம். நாங்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியானோம். பால் கணக்கு நோட்டு டாக்டர் ஆகிவிடாது. ஓசிடி என்பதும் உண்மையான, வேதனையான நோய். அதனால் அவதிப்படுகிறவர்களுக்குச் சிகிச்சை இருக்கிறது. அந்தப் பெயரை எரிச்சல் வந்த இடத்திலெல்லாம் ஒட்டுவது அவர்களுக்கும் செய்கிற அநியாயம்.

நீங்கள் படிக்கப்போகும் பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதோடு சேர்ந்ததுதான். ஒருவர் செய்வதற்கு அவர் குணத்தையே காரணமாகச் சொல்லி, அவர் மாட்டியிருக்கும் சூழ்நிலையைக் குறைத்து மதிப்பிடும் பழக்கம். லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் இதற்கு, காரணம் சொல்வதில் நாம் செய்யும் அடிப்படைப் பிழை (fundamental attribution error) என்றே பெயர் வைத்தார். ஆனால் அது எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை என்று காட்டியது நம் பக்கத்து மைசூர். ஜோன் மில்லர் என்ற உளவியலாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் சிகாகோ மக்களையும் மைசூர் மக்களையும் ஒப்பிட்டார். தெரிந்தவர்கள் செய்த நல்லது கெட்டதுக்குக் காரணம் கேட்டால், அமெரிக்கப் பெரியவர்கள் ஆளின் குணத்தை அதிகம் சொன்னார்கள், மைசூர்ப் பெரியவர்கள் சூழ்நிலையையும் உறவையும் கடமையையும் அதிகம் சொன்னார்கள். சின்னக் குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை, வயது ஏற ஏறத்தான் விரிந்தது. "அவளுக்கு என்ன கஷ்டமோ, அப்படிப் பேசிட்டா" என்று சொல்கிற பாட்டிகள் எங்கள் பக்கம் நிறைய. அந்தப் பார்வையை நாம் கையில் வைத்துக்கொண்டு, இப்போது வீடியோ பார்த்து எல்லோருக்கும் ஒரு நோய்ப் பெயர் கொடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். மாமியார் நார்சிசிஸ்ட், மேனேஜர் டாக்ஸிக், பையனுக்கு ஏடிஎச்டி. பெயர் வைத்தவுடன் கவனிப்பது நின்றுவிடுகிறது. எனக்கு இதில்தான் கோபம்.

பாடப் புத்தகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவரும் உதவவில்லை என்று பல புத்தகங்களில் இருக்கும். அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று பிறகு தெரிந்துவிட்டது. கூட்டத்தில் பொறுப்பு சிதறும், அதாவது வேறு யாராவது உதவுவார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள் என்று உளவியலாளர்கள் டார்லியும் லத்தானேவும் 1968-இல் செய்த பரிசோதனை வேறு, அந்தக் கதை வேறு. கதையைச் சொல்லி மனிதர்கள் கல்நெஞ்சர்கள் என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் வரலாம், உண்மை வராது.

இனி என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று நோட்டை வாங்கிய புறத்தேர்வாளர் பக்கங்களை எண்ணினார், அட்டையில் பிரவுன் காகிதம் போட்டிருக்கிறதா என்று பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கரண்ட் போன நாட்களின் அட்டவணையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் நோட்டு ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து வாங்கியது, அவளே என்னிடம் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண். தொலைதூரக் கல்வியில் படிப்பவர்கள் வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு, தூங்குகிற நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறோம். அதைப் படித்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா? கடைகள் ரெக்கார்டு விற்கின்றன என்று மாணவர்களைத் திட்டும் ஆசிரியர்கள், எழுதியதைப் படித்தாலே அந்தக் கடைகள் மூடிவிடும்.

படித்துப் பார்த்தவர் மாமா ஒருவர்தான். நோட்டைக் கல்லூரியில் வைப்பதற்கு முன் அவரிடம் காட்டி, பெயர் இல்லாமல் உங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், கொடுக்கட்டுமா என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். நேரக் கட்டத்தில் விரலை வைத்து, "எட்டரைன்னு எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போட்டிருக்கியே. பார்த்த நேரத்தை அப்படியே போடணும் அம்மிணி. இல்லைன்னா எதுக்கு ரெக்கார்டு?" என்றார். கொடு என்று தலையை ஆட்டினார்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். ஒரு ஆளை எடுக்காதீர்கள், ஒரு நடத்தையை எடுங்கள். "அம்மா கோபக்காரி" என்பதை யாராலும் எண்ண முடியாது, "அம்மா தட்டை ஓங்கி வைக்கிறார்" என்பதை எண்ணலாம். நடத்தை நடக்காத நாட்களையும் கட்டாயம் எழுதுங்கள், எனக்கு விடை அங்கேதான் இருந்தது. யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்காதீர்கள், அன்று வீட்டில் எல்லோரும் இருப்பதால் மற்ற நாட்களோடு ஒப்பிட முடியாமல் போகும்.