ஒரே நாளில் தீர்ப்பு!

கேள்வி: எங்கள் காணி வழக்கு தவணைக்கு மேல் தவணையாக இழுபடுகிறது. பழைய ஏதென்ஸில் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்களாமே, உண்மையா? அங்கே லஞ்சம் இல்லையா?
– வாசகி, வெள்ளவத்தை

உண்மைதான். எந்த வழக்கும் அன்று பொழுதுபட முன் முடிந்தாக வேண்டும். கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டோடு நிற்பவர்களைப் போலச் சட்டத்தரணிகளும் அங்கே இல்லை, தன் வழக்கைத் தானே பேச வேண்டும் (காசு கொடுத்து எழுதி வாங்கலாம்). ஓட்டை போட்ட மண்பானையில் தண்ணீர் ஒழுகி முடிந்தால் பேச்சும் முடிந்தது. அகழ்வில் கிடைத்த ஒரு பானை சுமார் ஆறு நிமிடம்தான் ஓடும், பெரிய வழக்கென்றால் பல பானை.

லஞ்சமா? தீர்ப்புச் சொல்வது ஒரு நீதிபதி அல்ல, 30 வயது தாண்டிய குடிமக்கள், அதாவது ஜூரிகள். தனியார் வழக்குக்கே 201 பேர் அல்லது 401 பேர், ஊர் நலனைத் தொட்ட பொது வழக்குக்கு 501. அத்தனை பேரையும் யார் வாங்குவது என்று கேட்பீர்கள், வாங்கினார்களே! ஏதென்ஸ் பிடித்து வைத்திருந்த பைலோஸ் கோட்டையை எதிரியிடம் இழந்ததற்காகக் கூண்டேறிய தளபதி அனைட்டஸ்தான் முதலில் ஜூரிகளுக்குக் காசு கொடுத்துத் தப்பினார் என்று அரிஸ்டோட்டில் பெயரில் வழங்கும் நூல் சொல்கிறது. அதே ஆள்தான் பத்து வருஷம் கழித்து, கி.மு. 399இல், சோக்ரடீஸ் மேல் வழக்குப் போட்ட மூவரில் ஒருவர்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் இதற்கு வைத்த வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜூரிகளின் பெயர்த் தகடுகளை ஒரு கல் பலகையின் துளைகளில் வரிசை வரிசையாகச் செருகுவார்கள், பக்கத்துக் குழாயிலிருந்து கறுப்பு, வெள்ளைக் குண்டுகள் ஒவ்வொன்றாக விழும், வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்க உள்ளே, கறுப்பென்றால் வீட்டுக்கு. எல்லாம் அன்று காலையில்தான் நடக்கும், அதனால் யாருக்குக் காசு கொடுப்பதென்று முதல் நாள் இரவு ஒருவருக்கும் தெரியாது. வாக்களிக்க ஆளுக்கு இரண்டு வெண்கல வில்லை: நடுத்தண்டு துளையுள்ளது வழக்காளிக்கு, துளையில்லாதது எதிராளிக்கு. தண்டின் இரு முனையையும் விரலால் பொத்திக்கொண்டு போட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது.

சரி, ஆனால் நீங்கள் அங்கே பிறந்திருந்தால் காணி வழக்கை நீங்களே பேச முடியாது, அப்பாவோ கணவரோ உங்களுக்காகப் பேச வேண்டும். அடிமையின் சாட்சியம் சித்திரவதை செய்து பெற்றால்தான் செல்லும். மேன்முறையீடும் கிடையாது. அந்த அவசரத்துக்கு நம் தவணையே மேல் என்பேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: பொய் வழக்குப் போடுபவர்களை அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

அதே ஏதென்ஸில், பொது வழக்குப் போட்டவருக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்குக்கூட விழாவிட்டால் 1000 திராக்மா தண்டம். அப்போது ஒரு தொழிலாளியின் நாள் கூலி ஒரு திராக்மா அளவில்தான். தண்டம் கட்டினாலும் அந்த மாதிரி வழக்கை அவர் மறுபடி போட முடியாது.