நீல அம்புக்குறியைப் பார்த்து ஓட்டுங்கள்: பீக் டிஸ்ட்ரிக்டில் மவுண்டன் பைக்

கேள்வி: வேலைக்காக ஷெஃபீல்டு வருகிறேன். சைக்கிள் நன்றாக ஓட்டுவேன், ஆனால் மலையில் ஓட்டியதில்லை. பக்கத்துக் குன்றுகளில் மவுண்டன் பைக் ஓட்ட எங்கே தொடங்கலாம்?

நல்ல ஊருக்குத்தான் வருகிறீர்கள். ஷெஃபீல்டின் மேற்கு எல்லையைத் தாண்டினால் பீக் டிஸ்ட்ரிக்ட், 1951இல் அறிவிக்கப்பட்ட பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா. நான் இங்கே வந்து ஆறு வருடமாகிறது, முடிந்த வார இறுதியெல்லாம் அங்கேதான் போகிறேன்.

எந்தப் பாதை நல்லது என்று சொல்வதற்கு முன்னால், எந்தப் பாதையில் சைக்கிள் போகலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் என் முதல் வருடத்தில் பாதி வீணாகப் போனது. தேசியப் பூங்கா என்றாலும் நிலம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய பண்ணை, அல்லது எஸ்டேட். அதன் குறுக்கே பொதுமக்களுக்கு உரிமையுள்ள வழிகள் ஓடுகின்றன, ஒவ்வொன்றிலும் யார் போகலாம் என்பது வேறுவேறு. கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது ஃபுட்பாத், நடப்பவர்களுக்கு மட்டும் (நம் ஊரில் ஃபுட்பாத் என்றால் ரோட்டோர நடைமேடை, இங்கே வயல்வெளி, மலைச்சரிவு என எங்கும் போகிற ஒற்றையடிப் பாதைக்கும் அதே பெயர்). நீல அம்புக்குறி என்றால் பிரிடில்வே, குதிரைக்காரர்களுக்கு உரிமையுள்ள வழி. 1968இல் வந்த சட்டம் அதில் சைக்கிளுக்கும் இடம் கொடுத்தது, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் நாம் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஊதா, சிவப்பு அம்புக்குறி உள்ள வழிகளிலும் ஓட்டலாம். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் இவை பச்சைக் கோடுகளாக இருக்கும்: சின்னச் சின்னக் கீற்று ஃபுட்பாத், நீளக் கீற்று பிரிடில்வே. பீக்கின் வடபகுதிக்கு ஓஎல்1 என்ற தாள், தென்பகுதிக்கு ஓஎல்24. போனில் ஆப் இருந்தாலும் தாளையும் ஒன்று வாங்கி வையுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது.

வந்த புதிதில் யாரோ போட்டுவைத்த ஜிபிஎஸ் தடத்தை நம்பி ஒரு மலைச்சரிவில் இறங்கினேன். கீழே கல்சுவர், அதைத் தாண்ட ஏணி மாதிரிப் படி. சைக்கிளைத் தோளில் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு வயதான தம்பதி வந்து, எனக்காகச் சுவருக்கு அந்தப் பக்கம் சேற்றில் காத்து நின்றார்கள். இறங்கி நன்றி சொன்னதும் அந்தப் பெரியவர் கம்பத்திலிருந்த மஞ்சள் அம்பைத் தொட்டுக் காட்டி, இது நடக்கிற பாதை தம்பி என்கிற தொனியில் சொன்னார். கோபமே இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்று கற்றுக்கொண்ட ஒரு சுலபமான அடையாளம்: சுவரைத் தாண்டப் படி இருந்தால் அநேகமாக ஃபுட்பாத், கேட் இருந்தால் பிரிடில்வேயாக இருக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் குதிரை படி ஏறாது.

இங்கே நடப்பவர்களுக்கு இந்தப் பாதைகள் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கானோர், வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலைமீது அனுமதி இல்லாமல் ஏறினார்கள். அன்று வேட்டைக் காவலர்களோடு நடந்த கைகலப்பைத் தொடர்ந்து ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். அப்படிக் கேட்டு வாங்கிய மண் இது. 2000ஆம் வருடச் சட்டம் திறந்த மலைவெளியில் எங்கும் நடக்கும் உரிமையைக் கொடுத்தது, ஆனால் அது நடப்பவர்களுக்கு மட்டும், சைக்கிளுக்கு இல்லை. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு, அங்கே சைக்கிளுக்கும் அந்த உரிமை உண்டு. இங்கிலாந்திலும் அது வரவேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். அதுவரை நீல அம்புதான் நம் அம்பு.

சரி, இடத்துக்கு வருவோம். முதல் நாள் டெர்வென்ட் பள்ளத்தாக்குக்குப் போங்கள். ஹோவ்டன், டெர்வென்ட், லேடிபவர் என்று மூன்று நீர்த்தேக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஃபேர்ஹோம்ஸ் என்ற இடத்தில் தொடங்கி மேல் இரண்டையும் சுற்றி வந்தால் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். மேற்குக் கரை தார் ரோடு, கிழக்குக் கரை அகலமான சரளைப் பாதை. செங்குத்து ஏற்றம் இல்லை, ஆனால் கல்லில் டயர் எப்படி வழுக்கும், நின்றபடி எப்படி ஓட்டுவது, கியரை எப்போது மாற்றுவது எல்லாம் பயமில்லாமல் பழகிக்கொள்ளலாம். லேடிபவருக்காக டெர்வென்ட், ஆஷாப்டன் என்ற இரண்டு ஊர்கள் தண்ணீருக்குள் போயின, கடும் வறட்சி வந்தால் டெர்வென்ட்டின் கற்கள் வெளியே தெரியும். அந்த ஊரின் பழைய கல் பாலத்தை மட்டும் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேலே பள்ளத்தாக்கின் தலைமாட்டில் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். பொதிக்குதிரைகள் போன அந்தக் குறுகிய பாலத்தின் வழியாகத்தான் நீங்களும் மறுகரைக்குப் போவீர்கள். நான் ஒவ்வொரு முறையும் அங்கே இறங்கி ஐந்து நிமிடம் உட்காருவேன்.

நாலைந்து முறை இப்படிப் போனபிறகு ஜேக்கப்ஸ் லேடர். ஹேஃபீல்டு என்ற ஊரிலிருந்து ஏறி, ஈடேல் கிராஸ் என்ற பழைய கல் சிலுவையைத் தாண்டி, ஈடேல் பள்ளத்தாக்குக்குள் இறங்குவது. பீக்கில் மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பேசும் இறக்கம் இதுதான்: உருளும் கற்கள், முழங்கால் உயரக் கல்திட்டுகள், மழைநீரை ஒதுக்க வழியின் குறுக்கே பதித்த கல்வரிசைகள். கவனம், கடைசிப் பகுதியில் வழி இரண்டாகப் பிரியும். நேராக இறங்கும் கல்படிகள் நடப்பவர்களுக்கு. வளைந்து வளைந்து போகிற பழைய பொதிக்குதிரைப் பாதைதான் நமக்கு. முதல் தடவை தயங்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், நானும் பாதி தூரம் அப்படித்தான் போனேன்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வடக்கே டார்க் பீக் முழுக்க கிரிட்ஸ்டோன், சொரசொரப்பான மணற்கல், நனைந்தாலும் டயருக்குப் பிடி கொடுக்கும். தெற்கே ஒயிட் பீக் சுண்ணாம்புக்கல். காய்ந்திருந்தால் அருமை, நனைந்தால் சோப்பு. காசில்டனில் கோட்டைக்கு அடியில் கேவ் டேல் என்ற குறுகலான பள்ளத்தாக்கு இருக்கிறது. பிரிடில்வேதான், வரைபடத்தில் பார்க்க ஆசையாக இருக்கும். ஒரு நவம்பர் மாலை, தூறலில் அதில் இறங்கி, முன் பிரேக்கைத் தொட்ட அதே நொடியில் தரையில் கிடந்தேன். விலாவில் அடி, மூன்று வாரம் திரும்பிப் படுக்க முடியவில்லை. இத்தனைக்கும் நான் வேகமாகப் போகவே இல்லை. மழை நாளில் அங்கே போகாதீர்கள்.

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் போதும், அந்தக் காசில் நல்ல டயர், டிஸ்க் பிரேக், மழைக்கோட்டு வாங்குங்கள். ஈர மணல் பிரேக் பேடைத் தின்றுவிடும், அதனால் பையில் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கட்டும். அப்புறம் உதிரி டியூப், விசில், விளக்கு. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். விபத்து என்றால் 999க்கு அழைத்து போலீஸைக் கேட்டு, பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

வசந்தத்தில் செம்மறிகள் குட்டியோடு இருக்கும், அப்போது மெதுவாகப் போங்கள். கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் மெதுவான ரயில் ஹோப், ஈடேல் எல்லாவற்றிலும் நிற்கும், சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான் என்பதால் சனிக்கிழமை காலை முதல் வண்டியைப் பிடிப்பது நல்லது. பாம்ஃபர்டில் இறங்கினால் லேடிபவர் அணை ரோட்டு வழியாகப் பக்கம்தான்.