வேப்பிலைச் சாறு: குடிக்கலாமா, பூசலாமா?

வேப்பிலையைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைக் குடிப்பது பற்றியவை. எனக்கோ அது வெளிப்பூச்சாகவே அதிகம் பயன்படும் என்ற எண்ணம் உண்டு. காரணங்களைப் பதில்களில் சொல்கிறேன்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் வெறும் வயிற்றில் வேப்பிலைச் சாறு குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார்களே?

நிறுத்தாதீர்கள். சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் வேப்பிலைக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், இலையும் குச்சியும் சேர்த்துத் தண்ணீரில் எடுத்த சாரத்தை 125 முதல் 500 மில்லிகிராம் வரை, நாளுக்கு இருவேளை, 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை குறைந்தது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை விடாமல் சாப்பிட்டுவந்தவர்கள். மாத்திரைக்குத் துணையாகத்தான் சாரம் கொடுக்கப்பட்டதே தவிர, மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

இன்னொன்று. அந்தச் சாரம் அளந்து தயாரித்தது. வீட்டில் அரைத்துப் பிழியும் சாற்றின் வீரியம் கொழுந்தா, முற்றிய இலையா, எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்பதைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்தச் சாற்றையும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல் ஏற்பட்டால் உடனே இனிப்பாக எதையாவது சாப்பிட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சாறு குடித்தே தீருவேன் என்றால், அதையும் உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சொறி சிரங்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது பலன் தருமா?

தரும். 1992இல் வெளியான ஆய்வு ஒன்றில் 814 பேருக்கு இந்த விழுதைப் பூசினார்கள்; 97 சதவீதத்தினருக்கு 3 முதல் 15 நாளில் குணமானது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாதது அந்த ஆய்வின் குறை. ஆனாலும் சிரங்குப் பூச்சி பதினைந்து நாளில் தானாக ஒழிந்துபோகிற ஒன்றல்ல என்பதால், அந்த முடிவை நான் ஒதுக்கிவிட மாட்டேன்.

விழுது நைசாக இருக்க வேண்டும். திப்பி உறுத்தினால் புண் கூடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றிய இடம் எதையும் விடாதீர்கள். அரிப்பு ஒருவருக்குத்தான் என்றாலும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் சிகிச்சை தொடங்குங்கள். துணிகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் துவையுங்கள். இதைச் செய்யாததால்தான் பலருக்குச் சிரங்கு திரும்பத் திரும்ப வருகிறது. சீழ் பிடித்தாலோ, கைக்குழந்தைக்கு வந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். மருத்துவர் தரும் பெர்மெத்ரின் களிம்பே சரி.

ஈறு வீக்கத்துக்கு?

வேப்பிலைச் சாரம் கலந்த ஜெல்லை ஆறு வாரம் பயன்படுத்திப் பார்த்த ஆய்வில் பற்படலமும் கிருமிகளும் குறைந்தன. கெட்டியாகப் படிந்துவிட்ட காரையை எந்த இலையும் கரைக்காது; அதைப் பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

குப்பியில் '10:1 சாரம்' என்று இருக்கிறது. வீரியம் அதிகம் என்று பொருளா?

பத்துக் கிலோ இலையிலிருந்து ஒரு கிலோ சாரம் எடுத்தார்கள் என்று மட்டுமே பொருள். தண்ணீரில் எடுத்தார்களா, ஆல்கஹாலிலா என்று பாருங்கள். இரண்டிலும் ஒரே பொருள்கள் ஒரே அளவில் இறங்குவதில்லை. அதனால் ஒன்றில் கண்ட பலனை மற்றதிடம் அப்படியே எதிர்பார்க்க முடியாது.

வேப்பிலை புற்றுநோயைக் குணமாக்கும் என்று ஒரு செய்தி பார்த்தேன்.

இலையிலுள்ள நிம்போலைடு என்ற பொருள், மார்பகப் புற்றணுக்களில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொண்டு அவற்றின் பெருக்கத்தைத் தடுப்பதாக 2019இல் கண்டறிந்தார்கள். நல்ல கண்டுபிடிப்பு, ஆனால் ஆய்வகக் கண்ணாடித் தட்டில் நடந்தது. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

எட்டு மாதக் குழந்தைக்கு வயிற்றில் பூச்சித் தொல்லை. சாறோ எண்ணெயோ கொஞ்சம் புகட்டலாமா?

கூடவே கூடாது. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து, கல்லீரல் பாதித்து, உயிரிழப்பு வரை போன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. சாறும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தைப் பேற்றுக்கு முயன்றுவருகிறோம். உடல் சுத்தமாகட்டும் என்று இருவரும் வேப்பிலைப் பொடி சாப்பிடுகிறோம்.

இருவருமே நிறுத்திவிடுங்கள். விலங்குச் சோதனைகளில் ஆண் விலங்குகளின் விந்தணுக்களின் இயக்கம் குறைந்ததும், பெண் விலங்குகளில் கரு தங்காமல் போனதும் காணப்பட்டிருக்கின்றன. கர்ப்பக் காலம் முழுவதும் இதே பதில்தான்.

எங்கள் மரம் வேம்புதானா என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

வேம்பில் ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் நேராக வரிசையாக இருக்கும். ஓரம் ரம்பப் பல் போலிருக்கும், அடிப்பகுதி ஒருபக்கம் கோணியிருக்கும். பூ வெள்ளை. காம்பு மீண்டும் கிளைத்து, அந்தக் கிளைகளில் சிற்றிலைகள் இருந்து, பூ ஊதா நிறமாகவும் இருந்தால் அது மலைவேம்பு வகையாக இருக்கலாம். அந்த வகையில் சிலவற்றின் பழம் நஞ்சு. அதன் இலையைச் சாறெடுக்க வேண்டாம். கீழே விழும் பழத்தைக் குழந்தைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.